ரயில் கம்பெனி கட்டிய கோட்டைகள்: எந்த ஜன்னலுக்குக் காசு கொடுப்பது?

கனடாவின் பழைய ரயில்வே ஓட்டல்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்கள்.

கேள்வி: மகள் கால்கரியில் இருக்கிறாள். பான்ஃப், லேக் லூயிஸ் ஓட்டல்களை ரயில் கம்பெனிதான் கட்டியதாமே? ரயிலிலேயே போய் இறங்கித் தங்க முடியுமா? (கோவை வாசகர்)

கட்டியது கனடியன் பசிபிக் ரயில்வேதான். ஆனால் கால்கரியிலிருந்து அங்கே பயணிகள் ரயில் கிடையாது. டொரன்டோ–வான்கூவர் இடையே ஓடும் வியா ரயில் (நாட்டின் பயணிகள் ரயில் நிறுவனம்) நடத்தும் 'கனடியன்', 1990 ஜனவரியிலிருந்து பான்ஃபைத் தொடாமல், வடக்கே எட்மன்டன், ஜாஸ்பர் வழியாகப் போகிறது. மிஞ்சியது ராக்கி மவுன்டனியர் என்ற சுற்றுலா ரயில். வான்கூவரிலிருந்து பகலில் மட்டும் ஓடும். இரவு வழியில் கம்லூப்ஸ் ஊரில் ஓட்டல். இரண்டாம் நாள்தான் பான்ஃப். குளிர்காலத்தில் ஓடாது. டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கால்கரியிலிருந்து பான்ஃப் சுமார் 130 கிலோமீட்டர், அங்கிருந்து லேக் லூயிஸ் இன்னும் 60. விமான நிலையத்திலிருந்தே ஓட்டல் வாசல் வரை பஸ் உண்டு. மகளின் காரில் போனால் தேசியப் பூங்கா பாஸ் வேண்டும். கோடையில் லேக் லூயிஸ் ஏரிக்கரைப் பார்க்கிங் விடிந்ததுமே நிரம்பிவிடும். ஓட்டலில் தங்குபவர்கள் ஓட்டல் பார்க்கிங்கில் தனிக் கட்டணத்துக்கு விடலாம். பக்கத்து மொரெய்ன் ஏரிக்கோ 2023 முதல் சொந்தக் காரே போக முடியாது. ஷட்டில் பஸ்ஸை முன்பதிவு செய்யாமல் போய் நின்றால் ஏமாற்றம்தான்.

ஓட்டல் கட்டும் வேலை ரயில்காரர்களுக்கு ஏன் வந்தது? லேக் லூயிஸைத் தாண்டி, ஃபீல்ட் ஊரை ஒட்டிய மலைச்சரிவில் ரயில் பாதை 100 அடிக்கு 4.5 அடி இறங்கியது. அந்த மலைகளில் உணவகமாக ஓடும் கனத்த ரயில்பெட்டியையும் சேர்த்து இழுப்பது கட்டுப்படியாகவில்லை. அதனால் 1886-ல் வழியில் சாப்பாட்டு விடுதிகளைக் கட்டினார்கள். பிறகு மலைக்காட்சியைக் காட்டி டிக்கெட் விற்கலாம் என்ற கணக்கில் கம்பெனியை நடத்திய வான் ஹோர்ன் 1888-ல் பான்ஃப் ஸ்பிரிங்ஸ் ஓட்டலைத் திறந்தார். வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துக் கட்டியதால் ஆற்றைப் பார்க்கும் அருமையான இடம் சமையலறைக்குப் போய்விட்டது என்பது அந்த ஓட்டலின் பிரபலமான கதை. அந்த மரக்கட்டடம் இன்று இல்லை; 1926-ல் எரிந்துவிட்டது. இப்போது பார்ப்பது 1914-ல் கட்டிய நடுக் கோபுரமும் 1928-ல் முடிந்த பக்கக் கட்டடங்களும்.

கேள்வி: திருமண நாளுக்கு இரண்டு இரவு தங்க ஆசை. அறை வகைகளைப் படித்தால் தலை சுற்றுகிறது. மலிவான அறையை எடுத்தால் தப்பா? (ஸ்கார்பரோ வாசகி)

ஓட்டலைப் பொறுத்தது. லேக் லூயிஸில் 'மவுன்டன் வியூ' என்பது அழகான பெயர். ஆனால் ஏரி அந்தப் பக்கம் இல்லை, முதுகுப்புறம் இருக்கிறது. 'லேக் வியூ' என்று எழுத்தில் இருந்தால்தான் ஏரி. கியூபெக் நகரின் ஷாட்டோ ஃப்ரான்ட்னக்கிலும் அப்படியே: ஆற்றுப்பக்க அறைக்கும் ஊர்ப்பக்க அறைக்கும் வாடகை வேறு. அங்கே ஊர்ப்பக்கமும் மோசமில்லை, பழைய நகரின் கூரைகள் தெரியும். காசை அங்கே மிச்சம் பிடிக்கலாம். லேக் லூயிஸில் மிச்சம் பிடித்தால் போனதே வீண்.

மாதமும் முக்கியம். ஏரியின் பனிக்கட்டி முழுசாக உருக ஜூன் தொடக்கம் வரை ஆகலாம். மே மாதம் போய் நீலத் தண்ணீர் எங்கே என்று கேட்கக் கூடாது.

அடுத்தது அறையின் அளவு. நூறு வருஷத்துக்கு முந்திய சுவர்களை நகர்த்த முடியாது. குறைந்த வாடகை அறைகள் சிறியவை, ஒன்றுக்கொன்று வடிவமும் மாறும். 'டபுள்' கட்டில் 137 சென்டிமீட்டர் அகலம்தான், 'குயின்' 152. இரண்டு டபுள் கட்டில் அறையில் நான்கு பெரியவர்கள் படுப்பது காகிதத்தில் மட்டும் நடக்கும். முழங்கால் வலி உள்ளவர் உடன் வந்தால், குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டாமல் குளிக்க ஷவர் மட்டும் உள்ள அறை வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வேறு இணையதளங்களில் பதிவு செய்தாலும், ஓட்டலுக்கே போன் செய்து இதை உறுதி செய்துகொள்ளுங்கள். உயர்ந்த வகை அறை காலியாக இருந்தால் குறைந்த கூடுதல் தொகைக்குக் கிடைக்குமா என்று செக்-இன் நேரத்தில் கேட்கலாம், கூச்சம் வேண்டாம்.

கேள்வி: இணையத்தில் காட்டிய வாடகையும் கடைசி பில்லும் ஏன் ஒத்துப்போவதில்லை? (மதுரை வாசகர்)

முதலில் வரி. பான்ஃப், லேக் லூயிஸ் இருக்கும் அல்பர்ட்டாவில் ஜிஎஸ்டி 5 சதவீதம், மேலே மாகாண சுற்றுலா வரி. கியூபெக்கில் விடுதி வரியும் சேர்ந்து மொத்தம் 18-19 சதவீதம். ஒன்டாரியோவில் ஹெச்எஸ்டி (மத்திய, மாகாண விற்பனை வரிகள் சேர்ந்தது) 13, மேலே நகராட்சி வரி. அதன்பின் மலை ஓட்டல்களில் 'ரிசார்ட் ஃபீ' என்று அறைக்கு, இரவுக்கு ஒரு தொகை; வேண்டாம் என்றாலும் விடாது. பார்க்கிங் தனி. காலைச் சாப்பாடு பெரும்பாலும் வாடகையில் சேராது. முன்பணமாக கார்டில் ஒரு தொகையைப் பிடித்தும் வைப்பார்கள்; டெபிட் கார்டு கொடுத்தால் அது திரும்பச் சில நாள் ஆகும், கையிருப்பு முடங்கும். கிரெடிட் கார்டே கொடுங்கள்.

கேள்வி: தங்க வசதியில்லை. உள்ளே போய்ப் பார்க்கலாமா? (பிராம்ப்டன் வாசகர்)

தாராளமாக. மேற்குக் கரை நகரமான விக்டோரியாவின் எம்ப்ரஸ் ஓட்டலில் (1908) மாலைத் தேநீர் குடிக்க ஊரே வரும். முன்பதிவு அவசியம், சைவம் என்றால் அப்போதே சொல்லவும். விலை, ஒரு வேளைத் தேநீருக்கு அநியாயம்தான். ஷாட்டோ ஃப்ரான்ட்னக்கின் முன்னால் உள்ள மரப்பலகை நடைமேடை பொது இடம், காசில்லை.

கேள்வி: ரயிலில் போய் நேரே ஓட்டலுக்குள் நுழையும் இடம் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா? (மார்க்கம் வாசகி)

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டொரன்டோ யூனியன் நிலையத்துக்கு எதிரே ராயல் யார்க் (1929, 28 மாடி). சுரங்க வழியாகவே போகலாம். ஜனவரியிலும் கோட்டுப் பட்டனைப் போட வேண்டியதில்லை. பியர்சன் விமான நிலையத்திலிருந்து யூபி எக்ஸ்பிரஸ் ரயிலில் 25 நிமிடம்.

ஒட்டாவாவின் ஷாட்டோ லோரியேயும் (1912) ஒரு காலத்தில் அப்படித்தான். எதிரே இருந்த பழைய நிலையத்தில் இப்போது நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் நடக்கிறது. இன்றைய நிலையம் ஊருக்கு வெளியே, டிரம்பிளேயில். அங்கிருந்து எல்ஆர்டி என்ற நகர ரயிலில் நாலாவது நிறுத்தம் ரிடோ, இறங்கி நடந்தால் ஓட்டல். கியூபெக் நகரிலோ நிலையம் மலையடியில், ஓட்டல் உச்சியில். பெட்டியோடு ஏறாதீர்கள், டாக்ஸி பிடியுங்கள்.