கண்ணுக்குப் பின்னால் கட்டி: மாட்டை விற்பதா, நகையை வைப்பதா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறோம். ஒரு வருடமாக அப்பாவின் வலது கண் கொஞ்சம் கொஞ்சமாகப் பிதுங்கி வருகிறது. கண்குழிக்குள் கட்டி என்று ஸ்கேனில் சொன்னார்கள். தனியார் மருத்துவமனையில் ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். கையில் 30 ஆயிரம் இருக்கிறது. இரண்டு கறவை மாடுகளை விற்கட்டுமா, அம்மாவின் 4 பவுனை அடகு வைக்கட்டுமா?

பதில்: மாட்டை விற்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா சில வாரம் குனிந்து நிமிர்ந்து பாரம் தூக்க முடியாது. அப்போது வீட்டுக்கு வரும் காசு பால் காசுதான். நகை சும்மா பெட்டியில் இருக்கிறது, அதை அடகு வைக்கலாம். ஆனால் அதற்கும் இன்னும் அவசரம் இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை இல்லையென்றால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு தருமபுரி கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். பணம் கட்டிவிட்டு அப்புறம் திரும்ப வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். மருத்துவமனை முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதனால் அட்மிஷனுக்கு முன்பே, இந்த ஆபரேஷனுக்கு அட்டை செல்லுமா என்று கேளுங்கள். அரசு வழியும் இருக்கிறது. தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, 1819 முதல் இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் கடிதம் கேட்டுப் பாருங்கள்.

அந்த ஒன்றரை லட்சம் எதற்கு என்று கேட்டீர்களா? கட்டி எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் செலவு. பெரியவர்களுக்கு அதிகம் வருவது ரத்தநாளக் கட்டி. புற்று இல்லை. உறை போட்டது மாதிரி இருப்பதால் முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். ஆழத்தில் இருந்தால் கண்ணோர எலும்பைக் கொஞ்சம் கழற்றி, கட்டியை எடுத்த பிறகு திரும்பப் பொருத்துவார்கள். அதற்குச் செலவு கூடும். நிணநீர்ப் புற்று என்றால் துளி சதை மட்டும் எடுத்துப் பரிசோதித்து, மருந்தோ கதிர்வீச்சோ கொடுப்பார்கள். கண்ணீர்ச் சுரப்பியில் வரும் புற்று என்றால் ஆபரேஷனுக்குப் பிறகு பல வாரம் கதிர்வீச்சு, வெளியூரில் தங்கும் செலவு வேறு. ஆகவே 4 பவுனையும் முதல் நாளே வைத்துவிடாதீர்கள். தேவைப்பட்டால் 2 பவுனை மட்டும் கூட்டுறவு சங்கத்தில் வையுங்கள். மீட்டர் வட்டிப் பக்கம் போகவே வேண்டாம்.

இப்போது புது பாலிசி எடுப்பதும் உதவாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள், மறைத்தால் க்ளெய்ம் போய்விடும்.

தினம் காலையில் இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் சுவர் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து மங்கினாலோ சிவப்பு வெளுத்துத் தெரிந்தாலோ பார்வை நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அப்படியானால் அட்டைக்குக் காத்திருக்காமல், நகையை வைத்தாவது அன்றைக்கே கூட்டிப் போங்கள்.