வெப்ப மீட்புக் காற்றோட்டக் கருவி: 92 சதவீதம் என்பது எதன் சதவீதம்?

கேள்வி: வெளியேற்றப்படும் அறைக்காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் புதுக்காற்றுக்கு மாற்றித் தரும் காற்றோட்டக் கருவி ஒன்றை வீட்டுக்கு வாங்கவிருக்கிறோம். ஒரு கருவியின் விவரத்தாளில் 92 சதவீதத் திறன் என்றும், இன்னொன்றில் 84 சதவீதம் என்றும் உள்ளது. 92 உள்ளதையே வாங்கிவிடலாமா?

பதில்: இரண்டும் ஒரே சோதனை முறையில், ஒரே காற்றளவில் அளக்கப்பட்டவை என்பது உறுதியாகும் வரை அவற்றை ஒப்பிடுவதில் பொருளில்லை.

விவரத்தாள்களில் பெரும்பாலும் இடம்பெறுவது உள்வரும் காற்றின் வெப்பநிலை விகிதமே. வெளியே 0 டிகிரி, அறையில் 20 டிகிரி, கருவியிலிருந்து அறைக்குள் வரும் காற்று 17 டிகிரி என்றால், 20 டிகிரி வேறுபாட்டில் 17 டிகிரி ஏறியிருப்பதால் திறன் 85 சதவீதம். அந்த 17 டிகிரி எங்கிருந்து வந்தது என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை. விசிறி மோட்டாரின் சூடும், கருவி நிற்கும் அறையிலிருந்து உறை வழியே நுழையும் சூடும் அதில் சேர்ந்திருக்கலாம். உள்வரும் காற்றின் அளவைக் குறைத்து, வெளியேறும் காற்றின் அளவைக் கூட்டினாலும் விகிதம் உயர்ந்துவிடும். ஆனால் அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட, சன்னல் இடுக்குகள் வழியே குளிர்காற்று சூடேறாமலேயே வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது கசிவு. வெளியேற வேண்டிய பழைய காற்றில் ஒரு பகுதி கருவிக்குள்ளேயே கசிந்து புதுக்காற்றுடன் கலந்தால், உள்வரும் காற்று கூடுதல் சூடாக இருக்கும், எனவே காகிதத்தில் திறனும் உயரும். பரிமாற்றி (இரு காற்றோட்டங்களுக்கு இடையே வெப்பத்தை மாற்றும் பகுதி) உண்மையில் 80 சதவீதமே தருகிறது, உள்வரும் காற்றில் பத்தில் ஒரு பங்கு பழைய காற்று என்று வைத்துக்கொண்டால், கணக்கு 82 என்று காட்டும். வாங்கியவருக்கோ புதுக்காற்று பத்தில் ஒன்பது பங்குதான் கிடைக்கும். குறைபாடே மதிப்பெண்ணைக் கூட்டித் தரும் அளவுகோலை மட்டும் நம்பிப் பொருள் வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

ஆகவே வெளியேறும் பக்கத்தையும் பாருங்கள். இரு பக்கக் காற்றளவும் சமமாக இருந்து, கசிவும் இல்லையென்றால், உள்வரும் காற்று பெற்ற வெப்பமும் வெளியேறும் காற்று இழந்த வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் வெளியேறும் காற்று 6 டிகிரியில் போகிறது என்றால் அந்தப் பக்கத்துக் கணக்கு 70 சதவீதம்தான். அறைக்காற்றின் ஈரம் பரிமாற்றியில் நீராகப் படியும்போது ஓரளவு வேறுபாடு நியாயமாகவே வரும். ஆனால் உலர்ந்த காற்றில் செய்த சோதனையிலும் 15 புள்ளி இடைவெளி இருந்தால் விற்பனையாளர் விளக்கம் தர வேண்டும்.

சோதனை முறைகளும் ஒன்றுபோல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1253/2014 ஒழுங்குமுறை, வீட்டுக் கருவிகளின் வெப்பத் திறனை 13 டிகிரி வேறுபாட்டில், உலர்ந்த நிலையில், இரு பக்கமும் சமமான காற்றோட்டத்தில் அளக்கச் சொல்கிறது. மோட்டார் சூட்டை அது கழிப்பதில்லை. கனடாவின் சிஎஸ்ஏ சி439 முறையில் கிடைக்கும் உணர்வெப்ப மீட்புத் திறன் (ஈரத்தில் உள்ள ஆற்றலைச் சேர்க்காமல், வெப்பநிலை மாற்றத்தால் வரும் வெப்பத்தை மட்டும் கணக்கிடுவது), விசிறிச் சூடு, கசிவு போன்றவற்றைக் கழித்த பிறகு வருவது என்பதால் அதே கருவிக்கே குறைவான எண்ணைக் காட்டும். மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்கான தரத்தை வகுக்கும் ஜெர்மனியின் பாசிவ்ஹவுஸ் நிறுவனம் வெளியேறும் காற்றின் பக்கத்திலிருந்து கணக்கிடுகிறது. அதன் சான்றிதழுக்குக் குறைந்தது 75 சதவீதத் திறனும், 3 சதவீதத்துக்கு மிகாத கசிவும், ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.45 வாட்-மணிக்கு மிகாத மின்செலவும் வேண்டும். உங்கள் 84 இத்தகைய கடுமையான முறையில் வந்ததாகவும், 92 மிகக் குறைந்த காற்றோட்டத்தில் எடுத்த உச்ச எண்ணாகவும் இருக்கக்கூடும்.

இரண்டும் ஒரே முறையில் வந்தவையே என்றாலும் மின்செலவைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். மணிக்கு 150 கன மீட்டர் காற்றுக்கு, 10 டிகிரி வேறுபாட்டில், 8 சதவீதப் புள்ளிகளின் மதிப்பு ஏறத்தாழ 40 வாட் வெப்பம் மட்டுமே. குறுகலான காற்றுப் பாதைகள் வழியே காற்றைத் தள்ளுவதற்கு 92 சதவீதக் கருவியின் விசிறிகள் கூடுதலாக அதே 40 வாட்டை எடுத்துக்கொண்டால், கூடுதல் விலை கொடுத்ததற்குப் பயன் ஏதும் இல்லை.

கேள்வி: வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில், குளிரூட்டி இயங்கும் அலுவலகத்துக்கும் இதே எண் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. வெளியே 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும், உள்ளே 25 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஒரு கிலோ காற்றில் உள்ள ஆற்றல் வேறுபாடு சுமார் 40 கிலோஜூல். அதில் வெப்பநிலையால் வருவது ஏறத்தாழ கால் பங்குதான், எஞ்சியது நீராவியில் இருக்கிறது. வெப்பத்தை மட்டும் மாற்றும் கருவி, 90 சதவீதத் திறன் உடையதானாலும், மொத்தச் சுமையில் கால் பங்கைக்கூட மீட்காது. ஈரத்தையும் மாற்றும் பரிமாற்றியைத் தேர்ந்தெடுத்து, அதன் மொத்த ஆற்றல் மீட்புத் திறனைக் கோடைக்காலச் சோதனை நிலைக்குத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பொருத்திய கருவியை நானே வெப்பமானிகளால் அளந்தேன். வெளியே 16, அறையில் 20, உள்வரும் காற்று 18.4 டிகிரி. அதாவது 60 சதவீதம். நிறுவனத்திடம் புகார் செய்யலாமா?

பதில்: இந்த அளவீட்டை வைத்துச் செய்ய வேண்டாம். ஒவ்வொரு வெப்பமானியும் அரை டிகிரி பிழை காட்டக்கூடியது என்றால், உண்மைத் திறன் 35 முதல் 85 வரை எங்கும் இருக்கலாம். வெளியே நன்கு குளிரும் நாளில், குறைந்தது 15 டிகிரி வேறுபாடு இருக்கும்போது அளவிடுங்கள். அதற்கு முன் எல்லா வெப்பமானிகளையும் ஒரே இடத்தில் வைத்து, அவை ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். அறைத் துவாரத்தில் அளக்காமல், கருவியை ஒட்டிய குழாய்களில், நான்கு வாய்களிலும் (புதுக்காற்று நுழைவது, அறைக்குப் போவது, அறையிலிருந்து வருவது, வெளியே போவது) அளப்பதே சரி. இல்லாவிட்டால் காப்புறை இல்லாத குழாயின் இழப்பும் கருவியின் கணக்கில் ஏறிவிடும். வடிகட்டிகளைச் சுத்தம் செய்து, இரு பக்கக் காற்றளவையும் காற்றளவு மானி வைத்திருப்பவரைக் கொண்டு சமப்படுத்திய பிறகும் விவரத்தாளுக்கும் அளவீட்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், நான்கு வெப்பநிலைகளையும் இரு காற்றளவுகளையும் எழுத்தில் இணைத்துப் புகார் அனுப்புங்கள்.