தாது வருஷப் பஞ்சம்: கேள்வி பதில்

கேள்வி: சார், 1876-78 பஞ்சத்துக்கு மழை பொய்த்ததுதானே காரணம்? அரசை ஏன் குறை சொல்கிறார்கள்?

பதில்: மழை பொய்த்தது உண்மை. ஆனால் பயிர் காய்ந்ததற்கும் லட்சக்கணக்கில் மக்கள் செத்ததற்கும் நடுவே சில அதிகாரிகளின் முடிவுகள் இருக்கின்றன. ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1874-ல் பீகாரில் பஞ்சம் தலைகாட்டியபோது இதே மனிதர் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவு. அதற்குக் கிடைத்தது பாராட்டு அல்ல, வீண்செலவு என்ற திட்டு. 1877-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது செலவைக் குறைப்பதிலேயே குறியாக இருந்தார். நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாள் கூலியை ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா என்று கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. நாள் முழுக்க மண் சுமக்கிறவருக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் மல்லுக்கு நின்றார். சில மாதம் கழித்துத்தான் கூலி ஏறியது. அந்தச் சில மாதங்களில் போன உயிர்களுக்கு வானத்தைப் பழி சொல்ல முடியாது.

கேள்வி: எனக்குச் சேலம் பக்கம். ஊர் ஊராகக் காலியானதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். மிகையா, ஐயா?

பதில்: மிகையே இல்லை. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் 19 லட்சத்துக்கும் மேல் மக்கள். 1881-ல் சுமார் 16 லட்சம். செத்தவர்கள் மட்டுமல்ல, ஊரைவிட்டுப் போனவர்களும் இதில் உண்டு. மாகாணம் முழுக்கவே பலர் தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணிகளின் பின்னால் இலங்கைக்குப் போனார்கள். அப்போது அங்கே காப்பித் தோட்டங்கள்தான் அதிகம். தேயிலை பெருகியது அப்புறம்.

கேள்வி: பக்கிங்ஹாம் கால்வாய் பஞ்சத்தில் வெட்டியதா?

பதில்: முழுதும் அல்ல. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877-78-ல் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

கேள்வி: இத்தனை சாவுக்குப் பிறகாவது ஏதாவது மாறியதா?

பதில்: மாறியது. 1880-ல் பஞ்ச விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. அதை வைத்து 1883-ல் பஞ்ச நிவாரண விதிகள் எழுதப்பட்டன. தானிய விலை ஏறுகிறதா, மக்கள் பிழைப்பு தேடி அலைகிறார்களா என்று முன்கூட்டியே கவனிக்க வேண்டும். உடம்பில் தெம்புள்ளவர்களுக்கு வேலை, முடியாதவர்களுக்கு இலவச உதவி. யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்பது எழுத்தில் வந்தது. இருந்தும் 1896-97-லும் 1899-1900-லும் மறுபடி பஞ்சம் வந்து ஏராளமானோர் செத்தார்கள். 1943-ல் வங்காளத்தில் அரசு பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. அறிவித்திருந்தால் அந்த விதிகளின் கடமையெல்லாம் தலையில் விழுந்திருக்கும். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

கேள்வி: நூறு நாள் வேலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா, அண்ணா?

பதில்: உண்டு. பஞ்ச காலத்தில் வேலை கொடுத்துக் கூலி தரும் வழக்கம் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. 1972-73 வறட்சியில் மகாராஷ்டிரம் லட்சக்கணக்கானோருக்கு அப்படி வேலை கொடுத்தது. 1977-ல் அங்கே வேலை உறுதி தனிச் சட்டமானது. 2005-ல் அது நாடு முழுமைக்கும் வந்தது. ஒரு பெரிய வித்தியாசம்: டெம்பிள் காலத்தில் வேலை அரசு பார்த்துக் கொடுப்பது. 2005 சட்டத்தில் அது கேட்டு வாங்கும் உரிமை. மனு கொடுத்து 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்றே எழுதிவைத்தார்கள்.