தீத்தடுப்பு உடைப் பட்டறைக்கு மானியம் மறுக்கப்பட்டது ஏன்?
சிங்கப்பூரில் உள்ள உங்கள் பட்டறைக்கு மானியம் கேட்டு மறுத்துவிட்டார்கள்; துணி வெட்டும் இயந்திரத்துக்கு முன்பணம் கட்டியிருக்கிறீர்கள், சீருடை டெண்டர் ஒன்றையும் எதிர்பார்க்கிறீர்கள். அந்த முன்பணம்தான் இடித்திருக்கும். எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பு தரும் நிறுவன மேம்பாட்டு மானியத்தில், விண்ணப்பிக்கும் முன்பே பணம் கொடுத்தாலோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலோ அந்தச் செலவு கணக்கில் வராது. "சின்னத் தொகைதானே" என்றெல்லாம் வாதாடிப் பயனில்லை.

ரசீதில் உள்ள தேதியையும் விண்ணப்பத் தேதியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தேதி சரியாக இருந்தால், உள்ளூர்ப் பங்குரிமை, அதாவது சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் வைத்திருக்கும் பங்கு, 30 விழுக்காட்டுக்குக் குறையவில்லையா என்று பாருங்கள். சென்னை மைத்துனரும் பங்குதாரர் என்கிறீர்களே!

இந்தியா 2020இல் 1,480 கோடி ரூபாயில் தொடங்கிய, தீத்தடுப்புத் துணி போன்ற சிறப்புப் பயன் துணிகளுக்கான தொழில்நுட்ப ஜவுளி இயக்கம் அங்குள்ளவர்களுக்கானது. அதை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

மறுபடி விண்ணப்பித்துக் கிடைத்தாலும், முதலில் முழுச் செலவும் உங்கள் கையிலிருந்துதான் போகும். தகுதியான செலவில் பாதி வரை பிறகுதான் திரும்பி வரும். சீருடை டெண்டரை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். மானியம் வேறு, டெண்டர் வேறு.