ராகிகடி எலும்புக்கூடு என்ன சொல்கிறது?

கேள்வி: ஆரியர் வெளியிலிருந்து வந்தார்கள் என்பது வெள்ளைக்காரன் கட்டிய கதை, ராகிகடி எலும்புக்கூடு அதைப் பொய்யாக்கிவிட்டது என்கிறார் என் மைத்துனர். உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பாதி உண்மை. குதிரைப்படையோடு வந்து சிந்துவெளி நகரங்களை அழித்தார்கள் என்ற பழைய கதையை இன்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அந்த அளவில் உங்கள் மைத்துனர் சொல்வது சரிதான்.

ஆனால் ராகிகடி அவர் பக்கம் நிற்கவில்லை. 2019இல் வெளியான அந்த ஆய்வு, அரியானாவிலுள்ள ராகிகடி என்ற ஊரில் சிந்துவெளிக் காலத்தில் புதைக்கப்பட்ட ஒரே ஒரு பெண்ணின் மரபணுவைப் பற்றியது. ஆரிய மொழியைக் கொண்டுவந்தவர்கள் என்று கருதப்படும் மத்திய ஆசியப் புல்வெளி மக்களின் கலப்பு அவரிடம் இல்லை. இன்றைய இந்தியர் பலரிடம் இருக்கிறது. அப்படியானால் அது பிறகுதானே வந்திருக்க வேண்டும்? கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையில் என்கிறது அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு. செய்தித்தாள்கள் முதல் பாதியைத் தலைப்பாக்கி அடுத்ததை விட்டுவிட்டன என்பதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

அப்புறம், மைத்துனரிடம் போகாஸ்கோய் பற்றியும் சொல்லுங்கள். துருக்கியில் உள்ள அந்த ஊரில் கிடைத்த களிமண் பலகைகளில், கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட், மிட்டானி என்ற இரு பழைய அரசுகளின் மன்னர்கள் செய்த உடன்படிக்கை இருக்கிறது. அதற்குச் சாட்சியாக அழைக்கப்பட்ட தெய்வங்களில் ரிக் வேதத்தில் வரும் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் (அசுவினி தேவர்கள்) எல்லாரும் உண்டு! இந்தத் தெய்வங்களை வணங்கியவர்கள் எந்தத் திசையிலிருந்து அங்கே போனார்கள் என்பதை அந்தப் பலகை மட்டும் தீர்த்துவிடாது. இரு தரப்பும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள்.

ரிக் வேதம் பாடும் நதிகள் பெரும்பாலும் பஞ்சாபையும் அதைச் சுற்றிய பகுதியையும் சேர்ந்தவை. பாடல்கள் உருவானது இம்மண்ணில்தான். பாடியவர்களின் மூதாதையரில் ஒரு பகுதியினர் வெளியிலிருந்து வந்தவர்கள். இரண்டையும் சேர்த்தே ஏற்கலாம்.