காட்டுக்கு எந்தக் கத்தி, உடன் என்னென்ன? – கேள்வி பதில்

மடக்குக் கத்தி சட்டைப்பையிலேயே அடங்கிவிடுகிறது. அது போதாதா?

கயிறு அறுக்க, பொட்டலம் பிரிக்க, குச்சி சீவப் போதும். காட்டில் மாட்டிக்கொண்டவருக்கு வேறு வேலைகள் வரும். நனைந்த விறகைப் பிளந்து உள்ளே உலர்ந்திருக்கும் பகுதியை எடுக்க வேண்டும், கூடாரத்துக்கு முளை செதுக்க வேண்டும். அப்போது விசை முழுவதும் மடிப்பு ஆணியிலும் பூட்டிலும்தான் இறங்கும். ஆணி தளர்ந்து பூட்டு வழுக்கினால் அலகு நேராக விரல்மேல் மடியும். மடிப்பில் மணலோ சேறோ புகுந்தால் பூட்டு முழுதாக விழாமலே விழுந்ததுபோல் தெரியும், அது இன்னும் ஆபத்து. இடுப்பில் மடியாத கத்தி ஒன்று, பையில் மடக்குக் கத்தி உபரியாக. இதுதான் சரியான ஏற்பாடு.

நீளம், தடிமன் எவ்வளவு இருக்கலாம்? பெரிய கத்திதான் நல்லது என்கிறார் கடைக்காரர்.

அலகு 10 முதல் 12 செ.மீ. நீளம், முதுகு 3 முதல் 4 மி.மீ. தடிமன். இதற்குள் நின்றுகொள்ளுங்கள். 18 செ.மீ. அலகை வைத்துக்கொண்டு கண்ணிப்பொறிக்கான குச்சியில் வெட்டு போடவோ, காலில் ஏறிய முள்ளை எடுக்கவோ முடியாது. முதுகு 6 மி.மீ. இருந்தால் பார்க்க உறுதியாகத் தெரியும். ஆனால் செதுக்கும்போது மரத்தைச் சீவாமல் ஆப்பாக நெம்பும்.

அலகைவிடப் பிடியை அதிக நேரம் பாருங்கள். உள்ளங்கை அகலத்தைவிட ஒரு செ.மீ. நீண்டிருக்க வேண்டும். விரல் விரலாகப் பள்ளம் வெட்டிய பிடி வேண்டாம். அது ஒரே ஒரு விதமாகப் பிடிக்கத்தான் பொருந்தும், கத்தியைத் திருப்பிப் பிடித்தால் பள்ளங்களின் மேடு கையைக் குத்திக் கொப்புளமாக்கும். கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள். வழுக்கினால் அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். விரல் அலகின்மேல் சறுக்காமலிருக்கப் பிடியின் முன்பக்கம் சிறு தடுப்பு இருப்பது நல்லது.

முதுகின் ஓரம் உருட்டப்படாமல் சதுரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபெர்ரோ கம்பியை (சுரண்டினால் தீப்பொறி விடும் உலோகக் கம்பி) சுரண்டவும் மரப்பட்டையைத் தூளாக்கவும் அந்த ஓரம்தான் உதவும், அலகின் கூர்ப்பக்கத்தை வீணாக்க வேண்டியதில்லை.

‘ஃபுல் டேங்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள். வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

அலகின் இரும்பு பிடிக்குள் எவ்வளவு தூரம், எவ்வளவு அகலமாகப் போகிறது என்பதே டேங். பிடியின் ஓரத்தைச் சுற்றிலும் இரண்டு பட்டைகளுக்கு நடுவே இரும்பு கோடாகத் தெரிந்தால் அது ஃபுல் டேங். பிடி முழுக்க ரப்பரோ பிளாஸ்டிக்கோ மூடியிருந்தால் கண்ணால் சொல்ல முடியாது; தயாரிப்பாளர் தரும் விவரத்தில் தேடுங்கள், அங்கும் இல்லையென்றால் வேறு கத்தி பாருங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். பிடிக்குள் முக்கால் தூரம் அகலமாகப் போகும் மறைவு டேங் மோசமானதல்ல. ஸ்காண்டிநேவிய நாடுகளின் கத்திகள் பல அப்படித்தான் இருக்கின்றன, தாராளமாக உழைக்கின்றன. பயப்பட வேண்டியது எலிவால் டேங்குக்கு. அலகு பிடிக்குள் நுழையும் இடத்திலேயே சட்டென்று ஒல்லியாகி, ஒரு கம்பியாகப் போகும். உள்மூலை வளைவாக இல்லாமல் கூர்ங்கோணமாக வெட்டப்பட்டிருந்தால் விசை அங்கே குவிந்து, முதல் விறகிலேயே ஒடியலாம். தூண்டிலும் தீக்குச்சியும் வைக்கப் பிடியைக் குழலாகச் செய்திருக்கும் மலிவுக் கத்திகளும் இதே இடத்தில்தான் முறிகின்றன.

கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸா?

நீங்கள் போகும் இடத்தின் ஈரத்தையும் உங்கள் சோம்பலையும் பொறுத்தது. 1095 போன்ற கார்பன் ஸ்டீலில் கார்பன் ஏறக்குறைய 0.95 சதவீதம், துருவைத் தடுக்கும் குரோமியம் அனேகமாக இல்லை. சாணைக் கல்லில் சீக்கிரம் கூராகும். ஓர் இரவு ஈரமாக விட்டால் துரு பூக்கும். 12சி27, 14சி28என் போன்ற ஸ்டெயின்லெஸ் வகைகளில் குரோமியம் 13, 14 சதவீதம் இருக்கும். கூரும் எளிதாக ஏறும். மழைக்காடு, கடலோரம், படகுப் பயணம் என்றால் யோசிக்காமல் இவற்றை எடுங்கள். டி2 என்ற இரும்பு வகையில் கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் மழுங்கிவிட்டால் கையடக்கக் கல்லை வைத்துக்கொண்டு மீட்பது பெரும்பாடு.

கடினம் ராக்வெல் சி அளவில் 56 முதல் 60 வரை போதும். அதற்குக் கீழே கூர் மடங்கும், மேலே போகப்போக விளிம்பு சில்லு விடும். இரும்பின் வகையைச் சொல்லாமல் ‘சர்ஜிகல் ஸ்டீல்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

‘ஸ்டெயின்லெஸ் பொறி விடாது’ என்பது பாதி உண்மை. சிக்கிமுக்கிக் கல்லில் அடித்துப் பொறி எடுக்கத்தான் கார்பன் ஸ்டீல் வேண்டும். ஃபெர்ரோ கம்பியில் எரிவது கம்பியின் தூள். எந்தக் கடினமான கூர் ஓரமும் அதைச் சுரண்டும்.

முதுகில் ரம்பப் பல், அலகில் பாதி பல் இருப்பது கூடுதல் வசதிதானே?

இல்லை. முதுகுப் பல் மரத்தில் சிக்கும், அறுக்காது. விறகு பிளக்க முதுகில் அடிக்கவும் விடாது. அலகுப் பல் கயிறு அறுக்க நல்லது. ஆனால் அது பிடிக்கு அருகே, அதாவது செதுக்க அதிக விசை கிடைக்கும் இடத்தை எடுத்துக்கொள்கிறது. மழுங்கினால் தட்டைக் கல்லில் தீட்டவும் முடியாது.

விறகு பிளக்கும்போது அலகில் பிறை வடிவில் சில்லு போய்விட்டது. கத்தி மட்டமா, நான் செய்தது தவறா?

பெரும்பாலும் கணு. கட்டைக்குள் கிளை முளைத்த இடம் மற்ற மரத்தைவிடக் கடினம், நார் குறுக்காக ஓடும். அலகு அங்கே சிக்கியதும் எல்லாரும் செய்வது, பிடியை இடமும் வலமும் நெம்புவது. சில்லு போவது அந்த நொடியில்தான்.

11 செ.மீ. அலகுக்கு 6, 7 செ.மீ. விட்டமுள்ள கட்டையே எல்லை. அலகு உள்ளே இறங்கிய பிறகும் அடிக்க நுனிப்பக்கம் மூன்று நான்கு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கட்டையை மண்ணில் நேராக நிறுத்தாமல் இன்னொரு மரத்துண்டின் மேல் நிறுத்துங்கள். அலகு கீழே வந்தால் கல்லில் படாது. 30, 40 செ.மீ. நீளமான தடியால் முதுகில் அடியுங்கள், கல்லாலோ சுத்தியாலோ வேண்டாம். அலகு படுக்கைவாக்கில் மட்டமாக இறங்க வேண்டும். சிக்கினால் நெம்பாமல் கட்டையோடு திருப்பி, முதுகு கீழே இருக்கும்படி இன்னொரு மரத்தில் தட்டுங்கள், பிளவு தானே விரியும். அல்லது விரிசல் விழுந்ததும் அதில் ஒரு மர ஆப்பைச் செருகி, கத்தியை எடுத்துவிட்டு ஆப்பின்மேல் அடியுங்கள். கத்தி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் எப்போதும் இந்த ஆப்பு வழியே மேல்.

மச்செட்டி (புதர் வெட்டும் நீண்ட கத்தி), கை ரம்பம் இவற்றில் ஏதாவது சேர்க்கலாமா?

பச்சைக் கொடியும் புதரும் அடர்ந்த காடென்றால் 35–45 செ.மீ. மச்செட்டி. மரக்காடென்றால் 18–20 செ.மீ. மடக்கு ரம்பம். களைத்த கைக்கு ரம்பம் பாதுகாப்பானது, வீசவேண்டியதில்லை. இரு வளையமுள்ள கம்பி ரம்பத்தை வாங்காதீர்கள். சூடேறி முறுக்கி அறுந்துபோகும்.

காட்டில் கூர் தீட்டுவது எப்படி? எவ்வளவு தேய்த்தாலும் கூர் ஏறவில்லை.

ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது கூரின் ஓரத்தில் மெல்லிய உலோகப் பிசிறு எழும்பும்; அது எழும்புவதற்குள் மறுபக்கத்துக்குத் தாவுகிறீர்கள். இருபுறமும் பயன்படும் சிறிய வைரத் தகடு (சொரசொரப்பு எண் ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000) போதும், தண்ணீர்கூட வேண்டாம். கோணம் தெரிய: அலகைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள், பாதி சாய்த்தால் 45 பாகை, அதிலும் பாதி சாய்த்தால் ஏறக்குறைய 22. அங்கேயே நிறுத்துங்கள். அலகின் பக்கம் ஒரே அகலச் சரிவாக நேரே கூருக்கு இறங்கும் ஸ்காண்டி வகையென்றால் கணக்கே வேண்டாம், அந்தச் சரிவைக் கல்லில் படிய வையுங்கள்.

ஒரே பக்கத்தைப் பிடியிலிருந்து நுனிவரை தேயுங்கள். மறுபக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து கூருக்கு வெளியே நோக்கி மெல்லத் தடவினால் நீளம் முழுவதும் சிறு பிசிறு தட்ட வேண்டும். தட்டிய பிறகே அடுத்த பக்கம். இரண்டு பக்கமும் ஆனதும் அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றிப் பத்துத் தரம். கடைசியாகத் தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் கூரைப் பின்னோக்கி இழுத்து இருபது தரம். நுனியில் மட்டும் கூர் ஏறவில்லையென்றால், வளைவு வரும் இடத்தில் பிடியைச் சற்று உயர்த்தத் தவறுகிறீர்கள்.

கத்தியைக் கம்பில் கட்டி ஈட்டி செய்யலாமா?

வேண்டாம். எறிந்தால் தொலையும், கல்லில் பட்டால் நுனி போகும். கத்தியால் கம்பைக் கூராக்கி, நெருப்பில் லேசாக வாட்டிக்கொள்ளுங்கள்.

பிளேடும் உறிஞ்சியும் உள்ள பாம்புக்கடிப் பெட்டி வாங்கட்டுமா?

கட்டாயம் வேண்டாம். கடித்த இடத்தைக் கீறினால் ரத்தம் நிற்காமல் போகலாம், உறிஞ்சுவதால் விஷம் வெளியே வருவதில்லை, கயிற்றால் இறுகக் கட்டினால் கை கால் அழுகும் அபாயம் உண்டு. மோதிரம், காப்பு, இறுக்கமான செருப்பைக் கழற்றுங்கள். கடிபட்ட உறுப்பை மரச்சட்டம் வைத்து அசையாமல் கட்டுங்கள். முடிந்தவரை நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கடித்த நேரத்தைக் குறித்துவையுங்கள். பெட்டிக்குச் செலவாகும் பணத்தில் 10 செ.மீ. அகல அழுத்தக் கட்டு இரண்டும் காஸ் துணியும் வாங்குங்கள். அவை பாம்புக்கடிக்கு அல்ல, காட்டில் அடிக்கடி வரும் கத்திக்காயத்துக்கு. மடியில் வைத்து எதையும் செதுக்காதீர்கள். தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது.

தூண்டில், ஊசி, கண்ணி எல்லாம் அடங்கிய சிறு டப்பா ஒன்று வைத்திருக்கிறேன். போதுமா?

அந்த டப்பா உணவைப் பற்றிக் கவலைப்படுகிறது. வழி தவறியவருக்கு முதல் எதிரி குளிரும் ஈரமும், அடுத்தது தாகம். உணவில்லாமல் பல நாள் தாங்கலாம். நனைந்த உடையோடு குளிர்காற்றில் சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறும்.

முதலில் 2.5 × 3 மீட்டர் தார்ப்பாய், கூடவே 15 மீட்டர் பாராகார்ட். 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ தாங்கும் இந்தக் கயிற்றின் உள்ளே பொதுவாக ஏழு புரிகள் இருக்கும், பிரித்துத் தனித்தனி நூலாகவும் பயன்படுத்தலாம். மனிதரைத் தொங்கவிட மட்டும் கூடாது. மெல்லிய வெள்ளித்தாள் போர்வை உடலின் கதிர்வெப்பத்தைத் திருப்பும். தரை உறிஞ்சும் சூட்டைத் தடுக்காது. கீழே உலர்ந்த சருகு அழுத்திய பிறகும் 10 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும்.

அப்புறம் லைட்டர் இரண்டு, ஃபெர்ரோ கம்பி ஒன்று, வாசலின் தடவிய பஞ்சு. ஒற்றைச் சுவருள்ள ஒரு லிட்டர் உலோகக் குப்பி. இரட்டைச் சுவர் குப்பியை நெருப்பில் வைத்தால் வெடிக்கலாம். ஒற்றைச் சுவரிலும் மூடியைத் திறந்துவிட்டே சூடாக்க வேண்டும். ஹெட்லாம்ப்பும் மாற்று பேட்டரியும். திசைகாட்டியும் காகித வரைபடமும்; பார்க்கும்போது கத்தியைத் தள்ளி வையுங்கள், அதன் இரும்பு திசைகாட்டியின் முள்ளைத் திருப்பிவிடும். உள்ளே உருண்டை இல்லாத விசில். மூன்று ஊதல் பல இடங்களில் ஆபத்துக்குறி. ஆல்ப்ஸ் மலையில் நிமிடத்துக்கு ஆறு.

கத்தி இடுப்பில், விசில் கழுத்தில், ஒரு லைட்டர் சட்டைப்பையில். ஆற்றைக் கடக்கும்போது முதுகுப்பை போய்விட்டாலும் இவை உங்களோடு இருக்கும்.

ஃபெர்ரோ கம்பி நன்றாகப் பொறி விடுகிறது, தீ மட்டும் பிடிக்கவில்லை.

பொறி 3,000 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு, ஆனால் கணநேரமே. பஞ்சைப் பிரித்து மெல்லிய இழையாக்குங்கள். வாசலின் முழுக்க ஊறிய உருண்டை பிடிக்காது, வெளியே உலர்ந்த இழை வேண்டும். கத்தியை முன்னே தள்ளாமல் அசையாமல் பிடித்து, கம்பியைப் பின்னால் இழுங்கள். குவித்த பஞ்சு கலையாது. புதுக் கம்பியின் கறுப்புப் பூச்சைச் சுரண்டிவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

தண்ணீருக்கு மாத்திரையா, வடிகட்டியா?

கொதிக்க வைக்க முடிந்தால் அதுவே உறுதி. தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம், 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல் மூன்று நிமிடம். 0.1 அல்லது 0.2 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் நிறுத்தும், வைரஸை நிறுத்தாது. உறைபனியில் நனைந்த வடிகட்டியின் குழல்கள் வெளியே தெரியாமல் விரிசல் விடும், இரவில் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் குளோரின் மாத்திரை கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை வெல்லாது. குளோரின் டையாக்சைடு வெல்லும், ஆனால் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பூச்சிமருந்து, ஆலைக்கழிவு கலந்த நீரை இவற்றில் எதுவும் குடிநீராக்காது.

கத்தியைத் தோலுறையிலேயே வைத்திருந்தேன், உறைக்குள் துருப்பிடித்துவிட்டது.

தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். வீட்டில் கத்தியை வெளியே எடுத்து, துடைத்து, மினரல் ஆயில் ஒரு சொட்டுத் தடவி வையுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். பயணத்துக்குப் பிளாஸ்டிக் உறை நல்லது. அடியில் நீர் வடியும் துளை இருக்கட்டும், தலைகீழாகக் குலுக்கினாலும் கத்தி விழக் கூடாது. மேல்துருவை எண்ணெய் தொட்ட மெல்லிய இரும்புக் கம்பளியால் தேய்த்தால் போய்விடும். கார்பன் ஸ்டீலில் நாளாக ஆகப் படரும் சாம்பல் நிறம் துரு அல்ல, அதைத் தேய்க்காதீர்கள்.