பாலக்காட்டுக் கணவாய்க்குக் கீழே பூகம்பம் இருக்கிறதா?

கேள்வி: சூலூர் அருகே மனை வாங்கியிருக்கிறேன். கீழே கார் நிறுத்தம், மேலே இரண்டு தளம் என்று திட்டம். பாலக்காட்டுக் கணவாய் புவித்தட்டின் விளிம்பு, அங்கே பெரிய பூகம்பம் வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. வீடு கட்டலாமா?

பதில்: தாராளமாகக் கட்டுங்கள். பூமியின் மேலோடு பெரிய துண்டுகளாக நகர்கிறது, அவைதான் தட்டுகள். கணவாய் இன்று எந்தத் தட்டுக்கும் விளிம்பு அல்ல. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது. அது ஆசியாவை முட்டும் இடத்தில் இமயமலை எழும்பியது. அதே இந்தியத் தட்டு அந்தமான்–சுமத்ரா கடலடியில் இன்னொரு தட்டுக்கு அடியில் புகுகிறது. 2004 ஆழிப்பேரலை கிளம்பியது அங்கேதான். இந்த இரண்டு விளிம்புகளுமே கோவையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன.

ஆனால் அந்தச் செய்தியை முழுப்பொய் என்றும் தள்ள முடியாது. கொங்கு மண்ணுக்கு அடியில் ஒரு பழைய தழும்பு உண்டு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்துண்டுகள் நெருக்கி ஒட்டியபோது பாறைகள் நசுங்கி இழுபட்ட பட்டை அது. நீலகிரிக்கு வடக்கே மோயாறு ஏறக்குறைய நேர்கோடாகக் கிழக்கே ஓடுவது அதன் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டுதான். பாலக்காட்டிலிருந்து காவிரி வரை இன்னொரு கிளை. ஆடி மாதம் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றும் இந்தத் தாழ்ந்த கணவாய் வழியாகவே வருகிறது.

விளிம்பில் சேரும் அழுத்தம் தட்டின் நடுவிலும் பரவுகிறது. பலவீனமான பழைய பிளவுகளில் எப்போதாவது வெளிப்படுகிறது. 1993இல் மகாராஷ்டிரத்தின் லாத்தூரில் வந்த பூகம்பம் அப்படிப்பட்டதுதான். 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பகுதியிலேயே சுமார் 6 ரிக்டர் அளவில் நிலம் அதிர்ந்தது. தேசியக் கட்டுமான விதியின் 2016 பதிப்பு கோவையை மூன்றாம் மண்டலத்தில், அதாவது நடுத்தர ஆபத்துப் பட்டியலில், வைத்திருக்கிறது.

எனக்குக் கவலை கணவாய் பற்றியல்ல, உங்கள் கார் நிறுத்தம் பற்றித்தான். கீழே வெறும் தூண்கள், மேலே சுவர் நிறைந்த தளங்கள் என்றால் அசைவு முழுவதும் அந்தத் தூண்களில்தான் விழும். 2001 குஜராத் பூகம்பத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் இப்படிப்பட்ட கட்டடங்கள் பல உட்கார்ந்துவிட்டன. கீழ்த்தளத்தில் சில இடங்களிலாவது கான்கிரீட் சுவர் வேண்டும். எங்கே, எவ்வளவு என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் கணக்கிட வேண்டும். மேஸ்திரியின் அனுபவம் இதற்குப் போதாது.

அடுத்தது தூண் கம்பியைச் சுற்றும் ரிங். நம் ஊரில் அதன் முனையை 90 டிகிரி மடக்கி விட்டுவிடுகிறார்கள். உலுக்கலில் மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் அது திறந்துகொள்ளும். முனை 135 டிகிரி மடங்கி, ஏழரை செ.மீ. உள்ளே போக வேண்டும். தூணின் மேல், கீழ் முனைகளில் ரிங் இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் கூடாது. கம்பி கட்டுபவர் முணுமுணுப்பார், கொஞ்சம் கூடுதல் கூலியும் கேட்பார், கொடுத்துவிடுங்கள். பலகை அடைப்பதற்கு முன் நீங்களே நின்று ஒவ்வொரு தூணையும் பாருங்கள்.